நிற்காத புள்ளி

ஹெட்டாவின் புள்ளி ரொம்ப நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சிக்னிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மதியம் ஒன்றரை மணி. சமையலறை மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் கைப்பேசி, ஆறிப்போன காப்பி. ஜன்னலுக்கு வெளியே, அமெரிக்காவின் வடக்கு ஓரத்து ஏரிக்கரை ஊரான டுலூத் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கூரையும் தெருவும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. திங்கட்கிழமை, தான் வடிவமைத்த செயலியை முதலீட்டாளர்களுக்குக் காட்டவேண்டும். அதற்கான விளக்கத்தின் கடைசிப் பக்க எழுத்தளவோடு மல்லுக்கட்டிக்கொண்டே, ஓரக்கண்ணால் தங்கை ஹெட்டா வீடு திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி வரைபடத்தின் ஏரிக்கரைச் சாலையில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று, சாலையின் நட்டநடுவில், ஒரு வளைவு பிசகாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

நிஜப் புள்ளி அப்படி வராது. நிஜப் புள்ளி துள்ளும். சாலையை விட்டு எவர் வீட்டுக் கொல்லைக்குள்ளோ புகுந்து திரும்பி வரும். வண்டி சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட இருந்த இடத்திலேயே நடுங்கும். எட்டு மாதமாக நாற்பது பேரின் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். இந்த வழுக்கல் வேறு. இது அவளே உட்கார்ந்து வரைந்த வழுக்கல்.

நண்பர்கள் ஒருவர் இருக்குமிடத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். அனுமதித்தால் அக்கம்பக்கத்துக் கடைகளும் பார்க்கலாம். நீங்கள் தெருமுனைக்கு வரும்போதே கடைக்காரர் உங்களுக்கு வழக்கமானதை எடுத்துவைத்துவிடுவார். செயலி அவ்வளவுதான். பெயர் வைப்பதில் மட்டும் சிக்னிக்கும் அவள் கூட்டாளி குர்ட்டுக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. அவள் வரைவாள், குர்ட் நிரல் எழுதுவான். நாற்பது பேர், ஆறு கடைகள் என்று வெள்ளோட்டம் நன்றாகவே போனது. ஒரே ஒரு குறைதான். இந்த மலைச்சரிவு ஊரில் கைப்பேசிச் சிக்னல் அடிக்கடி போய்விடும், புள்ளி அப்படியே நின்றுவிடும். "என் பொண்ணு இருபது நிமிஷமா பாலத்து மேல நிக்கிறா, என்ன ஆச்சோ" என்று ஒரு தாய் அழுதுகொண்டு போன் செய்தாள்.

எனவே சிக்னி ஒரு விதி வைத்தாள். புள்ளி நிற்கவே கூடாது. சிக்னல் இல்லாத நேரத்தில், அந்த ஆள் வழக்கமாக எந்தப் பாதையில், என்ன வேகத்தில் போவாரோ, அதன்படி செயலி தானே ஊகித்துப் புள்ளியை ஓட்டவேண்டும்.

"சரி, ஓட்டலாம். ஆனா ஊகம்னு தெரியற மாதிரி சாம்பல் கலராவது ஆக்கு" என்றான் குர்ட்.

"சாம்பல் கலர் செத்துப்போன மாதிரி இருக்கு. யாருக்கும் பிடிக்கல."

"பிடிக்கறதுக்கா வெச்சிருக்கோம்? பொய் சொல்லாம இருக்கறதுக்கு."

மூன்று நாள் சண்டை. ஜெயித்தது சிக்னிதான். ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்தது.

இப்போது அவள் தனக்கும் குர்ட்டுக்கும் மட்டும் வைத்திருந்த சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். ஹெட்டாவின் பெயருக்கு நேரே, கடைசியாகக் கிடைத்த நிஜமான இடம், நேரம். ஒன்று ஏழு. அந்த இடத்தில் சாலை எதுவும் இல்லை. கரையிலிருந்து அரை மைல் உள்ளே, உறைந்த ஏரியின் மேலே.

காலையில் இருவரும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் நிறுத்திவைக்கும் அப்பாவின் மீன்பிடிக் குடில் இன்னும் அங்கேயே நிற்கிறது, மார்ச் வந்துவிட்டது, பனிக்கட்டி இளகுமுன் வண்டியில் கட்டி இழுத்து வந்துவிடலாம் என்று ஹெட்டா ஒரு வாரமாக நச்சரித்தாள். சிக்னிக்குத்தான் வேலை. "நீ போயிட்டு வா" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஹெட்டா வாசலில் நின்று, "அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன், போன்ல இல்ல" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். சிக்னி நிமிரவில்லை. தங்கை எந்தக் கோட்டு போட்டிருந்தாள் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

ஹெட்டாவின் எண்ணை அழைத்தாள். மணிகூட அடிக்கவில்லை.

அடுத்து, ஏரிக்கரையில் தூண்டிலும் புழுவும் விற்கும் ஹார்லன். ஆறு கடைகளில் ஒன்று அவருடையது.

"சிக்னியா! சொல்லும்மா. உன் சாமான் இன்னைக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு, தெரியுமா?"

"ஹார்லன், ஹெட்டா..."

"அதைத்தான் சொல்ல வரேன். ஒரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்துல பனி உடையற சத்தம். துப்பாக்கி வெடிச்ச மாதிரி. வெளிய வந்து பார்த்தா ஒரு கருப்பு ஓட்டை. எனக்கு உசிரே போயிடுச்சு. மீட்பு ஆளுங்களுக்குப் போன் போட்டேன். அவங்க கிளம்பற நேரத்துல திரையைப் பார்த்தேன். ஹெட்டா ஜம்முனு வீட்டுக்குப் போயிட்டிருக்கா. பனி மேல மீன் பிடிக்கப் போன மத்தவங்க எல்லாரும் என் கடையில சூப் குடிச்சிட்டிருக்காங்க. அப்புறம் யாருக்காக வரணும்? வேண்டாம்னு சொல்லிட்டேன்."

சிக்னி சோதனைப் பக்கத்தை மறுபடி பார்த்தாள்.

"ஹார்லன், அது அவ இல்ல."

"எது?"

"ரோட்டுல போறது. அது அவ இல்ல. அது சும்மா... நாங்களா ஓட்டறது. அவ பனி மேலதான் இருந்தா. கூப்பிடுங்க. அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழுந்தது. "ஐயோ, ஏம்மா..." என்றார் கிழவர். போனை வைக்கவில்லை. கதவு திறந்து காற்று ஊளையிடுவது மட்டும் கேட்டது.

ஒன்று முப்பத்து மூன்று. அந்தத் தண்ணீரில் விழுந்தவர்கள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்பது டுலூத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். சிக்னி கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தாள். மனம் போட்டது. திரையில் அந்தப் புள்ளி, ஒன்றும் நடக்காதது போல, ஊருக்குள் நுழைகிற வளைவில் அழகாகத் திரும்பியது.

குர்ட்டை அழைத்தாள். "ஊகத்தை அணை. இப்பவே. எல்லாருக்கும்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. குரலே சொல்லியிருக்கும். விசைகள் தட்டும் சத்தம். "அணைச்சாச்சு."

வரைபடத்தில் அங்கங்கே ஓடிக்கொண்டிருந்த சில புள்ளிகள் சட்டென்று நின்றன. ஹெட்டாவுடையதும் நின்றது. ஆறு கடைகளில் இன்னொன்றான டோரீனின் பேக்கரிக்கு இரண்டு தெரு தள்ளி, சாலை நடுவே. சிக்னி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சிக்னி." குர்ட்டின் குரல் மாறியிருந்தது. "சிக்னி, பாரு."

புள்ளி துள்ளியது. பக்கத்துக் கட்டடத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. நடுங்கியது. மறுபடி பத்தடி தாவியது.

"நிஜ சிக்னல்! அவ போன்ல இருந்து வருது. சிக்னி, அவ வந்துட்டா! இவ்வளவு நேரம் சிக்னல் இல்லாம இருந்திருக்கு, அவ்வளவுதான்!"

அவள் வாய்விட்டு அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக, மேசையில் நெற்றியை வைத்து அழுதாள். அவளுக்கு உடனே ஹெட்டாவின் குரலைக் கேட்கவேண்டும் போலிருந்தது. எண்ணை அழைத்தாள். மணி அடிக்கவில்லை. புள்ளி பேக்கரியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. சரி, டோரீன்.

"ஆமா கண்ணு, திரையில வந்துச்சு. அவளுக்கு ஏலக்காய் பன்னும் காப்பியும் எடுத்து மேடையில வெச்சுட்டு உள்ள அடுப்பைப் பார்க்கப் போனேன். இரு, பாக்கறேன்." செருப்புச் சத்தம். "எடுத்துட்டுப் போயிட்டாளே. ஒரு வார்த்தை சொல்லாமலா போவா? கதவு மணி அடிச்ச சத்தம்கூடக் கேக்கல."

"அவளைப் பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா என்னடி இது, கடை முழுக்கத் தண்ணி. வாசல்ல இருந்து மேடை வரைக்கும். இவ என்ன ஏரியைத் தூக்கிட்டா வந்தா? வாடை வேற." மேடையைத் துணியால் தேய்க்கும் சத்தம். "சிக்னி, காப்பிக் கோப்பை இருந்த இடத்துல ஐஸ் புடிச்சிருக்கு."

புள்ளி பேக்கரியை விட்டுக் கிளம்பியிருந்தது. வீட்டுக்கு எட்டுத் தெரு.

ஹார்லனின் எண் ஒளிர்ந்தது. எடுக்கக் கூடாது என்று தோன்றியது. எடுத்தாள்.

காற்று. ஆட்கள் கத்தும் சத்தம். நாய் ஒன்று விடாமல் குரைத்தது.

"எடுத்துட்டோம்மா," என்றார். "வண்டியில இருந்து எப்படியோ வெளிய வந்திருக்கா. பனி விளிம்புல விரல் தடம் இருக்கு. சுத்தி எல்லாப் பக்கமும். ஏறப் பார்த்திருக்கா. ரொம்ப நேரம் புடிச்சிட்டு இருந்திருக்கா, சிக்னி. நான் அந்தத் திரையைப் பாக்காம இருந்திருந்தா..."

"அவ போன்," என்றாள் சிக்னி. தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "அவ போன் எங்க?"

"கோட்டுப் பையில. ஜிப்பு போட்டபடியே இருக்கு. என் கையிலதான் இருக்கு. தண்ணி சொட்டுது. ஏம்மா கேக்கற? நீ வீட்டுல தனியாவா இருக்க? நான் குர்ட்டுக்குச் சொல்லி யாரையாவது..."

அழைப்பு அறுந்தது.

ஐந்து தெரு.

அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. மார்புக்குள் ஒரு பெரிய வெற்றிடம், அதற்குள் ஒரே நினைப்பு: அவள் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கொன்றது நான்தான். யார் வந்து என்ன சொன்னாலும் இது மாறாது.

மூன்று தெரு. எழுந்து வாசற்கதவைத் தாழிட்டாள். சொந்தத் தங்கைக்கு எதிராகத் தாழ் போடுகிறோம் என்பது தாழ் விழுந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

புள்ளி தெருமுனையில் துள்ளியது.

எதிர்வீட்டுத் தோட்டத்தில் துள்ளியது.

வாசலில்.

வெளியே வண்டிச் சத்தம் இல்லை. பூட்ஸ் உதறும் சத்தம் இல்லை. பனி விழும்போது இருக்கிற அந்த அடைத்த அமைதி மட்டும். பிறகு மரப்படிகளில் தண்ணீர் கொட்டும் சத்தம். யாரோ வாளியைக் கவிழ்ப்பது போல. நிற்காமல்.

ஏலக்காய் வாசனை. அதன் அடியில் ஏரி.

கதவு அசையவில்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. கருப்பாக. தரைப்பலகை முழுக்கப் பரவி, மேசைக்காலைச் சுற்றி, அவள் காலுறைக்குள் ஏறியது. குளிர் அல்ல அது. வலி. கணுக்கால். முழங்கால். பாதத்தை அசைக்கப் பார்த்தாள். தண்ணீரின் மேல் மெல்லிய கண்ணாடி போலப் பனி பிடித்திருந்தது. அசைத்தால் கீறியது.

திரையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள், வீட்டுக்குள், ஒட்டி ஒட்டி. அவளும் ஹெட்டாவும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நகர்ந்தன. வாசலைத் தாண்டின. தெருவில் இறங்கின. துள்ளவில்லை, நடுங்கவில்லை. நட்டநடுவில், வழுக்கிக்கொண்டு, ஏரியைப் பார்த்து.

கைப்பேசி அடித்தது. குர்ட்.

"ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களா?" அவன் குரலில் சிரிப்பு. "ஹார்லன் ஒரு செய்தி போட்டிருக்கார், உன் வீட்டுக்கு உடனே ஆள் அனுப்பணுமாம். மனுஷன் பதறிப்போயிருக்கார். தேவையில்ல, ரெண்டு பேரும் ரோட்டுல அங்கதான் வந்துட்டிருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

"குர்ட், நான் வீட்டுல இருக்கேன்."

"என்ன? ஒண்ணுமே கேக்கல. விட்டு விட்டு வருது."

"வீட்டுல! சமையலறையில! குர்ட், யாரையாவது அனுப்பு!"

"கேக்கல சிக்னி. பரவால்ல, பேச வேணாம், பாத்து ஓட்டச் சொல்லு. ஊகத்தை அணைச்சுதான் வெச்சிருக்கேன், அதனால இது நிஜ இடம்தான். நான் பாத்துட்டேதான் இருக்கேன்."

கைப்பேசி இருண்டது. மடிக்கணினி இருண்டது. தண்ணீர் மேசையின் மேற்பலகைக்குச் சமமாக நின்றது. அவள் இடுப்புக்குக் கீழே எதுவும் அவளுடையதாக இல்லை. கத்தினாள். மூச்சு வெண்புகையாக வெளியே வந்தது, சத்தம் வரவில்லை.

மேசையின் எதிர்ப்பக்கம் பனியைக் கீறும் சத்தம்.

மேசையின் விளிம்பில் ஒரு விரல் வந்து பற்றியது. இன்னொன்று. பிறகு எல்லாம். கையுறை இல்லாத பத்து விரல்கள், நகம் பிய்ந்து, நீலமாக, மரத்தை இறுக்கிப் பிடித்தன. விடவில்லை. மேலேயும் ஏறவில்லை.