ஆடாத கத்தி

மிளகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும்; பிறகு மூக்கு; கடைசியில்தான் வாய் திறக்கும். உருவத்தில் சிறியவள், காரத்தில் பெரியவள் என்பதால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது. பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி அழைத்தால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய வகுப்பு இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நூலகத்துக்கு நடந்துகொண்டிருந்தது. பூங்காவைத் தாண்டும்போது, அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் மிளகின் காது சிவந்தது.

அப்பா!

"ஐயோ, என் கையை ஏன்டி இப்படிப் பிழியற? அது என்ன எலுமிச்சம்பழமா?" என்று பக்கத்தில் வந்த தோழி அலறினாள்.

மிளகு பூங்காவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இந்த நேரத்தில் அப்பா தொழிற்சாலையில், பயிற்சி வகுப்பில் அல்லவா இருக்க வேண்டும்?

அப்பா, சட்டை தைக்கும் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் அளவு அட்டைகளைப் பரப்பி, கோடு போட்டு, மின்சாரக் கத்தியால் ஒரே தடவையில் எண்பது சட்டைக்கு வெட்டுவார். பதினெட்டு ஆண்டுகளாக அதுதான் அவர் வேலை. இப்போது அதே வேலையைச் செய்யக் கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது. மாதக் கடைசியில் பழைய வெட்டுமேசைகளை எடுத்துவிடுவார்கள்.

வெட்டுகிறவர்கள் பன்னிரண்டு பேர். மெஷினுக்கோ ஐந்து பேர் போதும். இரண்டு வாரம் பயிற்சி, கடைசியில் ஒரு தேர்வு. முதல் ஐந்து பேருக்கு மெஷின்; மற்றவர்களுக்குப் பெட்டி கட்டும் பிரிவு, பாதிச் சம்பளம். மூன்று நாள் வகுப்புக்கு வராதவர்களுக்குத் தேர்வே கிடையாது. இப்படி அச்சடித்த தாள் ஒன்று குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்துப் படித்து மிளகுக்கு அது மனப்பாடம்.

மாலையில் அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வகுப்பு எப்படிப் போச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"ம். போச்சு."

மிளகு பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாவின் காலடி படியிறங்கி மறையும்வரை பொறுத்திருந்தாள்.

"பூங்கா வகுப்புல இன்னிக்கு என்னப்பா பாடம்? புறா எண்ணுறதா?"

அப்பாவின் கை காபிக் குவளையோடு பாதியில் நின்றது. "யார் சொன்னா?"

"என் கண்ணு சொல்லுச்சு."

"பெரியவங்க விஷயத்துல நீ தலையிடாதே."

"நான் ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டிருந்தா இந்நேரம் வீடு ரெண்டாகியிருக்கும்! நீங்க அம்மாகிட்ட பொய் வேற சொல்றீங்க. எத்தனை நாளாப் போகல?"

அப்பா சுவரைப் பார்த்தார். "ரெண்டு."

"நாளைக்கும் போகலைன்னா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா!" மிளகு காலால் தரையை உதைத்தாள்.

அப்பாவுக்கும் பொங்கிவிட்டது. "பதினெட்டு வருஷம்! ஒரு சாண் துணி வீணாக்கினேன்னு எவனும் சொன்னதில்ல. நேத்து முளைச்ச பையன், சொல்லிக்கொடுக்க வந்திருக்கான். கத்தியைக் கையால தொட்டிருக்க மாட்டான். அத்தனை பேர் முன்னாடி, 'அண்ணே, துணியை ரொம்ப வீணாக்குறீங்க'ங்கிறான்! திரையில அட்டைகளை அடுக்கினா, வீண் அதிகம்னு என் பேருக்கு நேரா சிவப்பு. தினமும் சிவப்பு! சிரிக்கிறானுங்க!"

"ஏன் சிவப்புன்னு கேட்டீங்களா?"

"நானா? அவன்கிட்டயா?"

"சரி, அவர்கிட்ட கேக்க வேண்டாம். என்கிட்ட காட்டுங்க."

மிளகு ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் பொத்தென்று போட்டாள். கத்திரிக்கோலையும் வைத்தாள். செய்தித்தாளை விரித்தாள். முகத்தில் கடுகடுப்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

கத்திரிக்கோலைப் பார்த்தால் அப்பாவின் கை சும்மா இருக்காது. முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை, காலர் என்று குட்டிச் சட்டையின் பாகங்களை ஒரே மூச்சில் வெட்டிவிட்டார். பிறகு செய்தித்தாளின்மேல் அடுக்கினார். ஒன்றின் வளைவுக்குள் மற்றொன்றின் மேடு போய் உட்கார்ந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

மிளகு முதுகையும் கையையும் நெருக்கி ஒட்டவைத்தாள். அப்பா பிரித்தார். அவள் மறுபடி ஒட்டவைத்தாள்.

"ஏய், ஒட்டாதே! வெட்டும்போது கத்தி ஆடும். இடம் விடலைன்னா எண்பது சட்டையும் பாழ்."

"எந்தக் கத்தி?"

"என் கத்திதான். எண்பது அடுக்குத் துணி, வழுக்காதா?"

"அந்த மெஷின்ல?"

"அதுல எப்படி ஆடும்? கீழேருந்து காத்தை உறிஞ்சி, துணியை அப்படியே அமுக்கிப் பிடிச்சுக்கும். கத்தி ஒரு மயிரிழைகூட..."

அப்பா நிறுத்திவிட்டார்.

"மயிரிழைகூட?" மிளகு விடவில்லை.

"ஆடாது" என்றார் அப்பா, மிக மெதுவாக.

அவர் விரல் நீண்டது. காலரை நகர்த்தியது, கையை நகர்த்தியது, முன்பக்கங்களை நகர்த்தியது. எல்லாம் ஒட்டி முடிந்தபோது, செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு பட்டை மிச்சமிருந்தது. அதன்மேல் மிளகு தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"இவ்வளவா!"

"இதுதான் அந்தச் சிவப்பு" என்றார் அப்பா. உடனே மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "இதை அவன் முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"கத்தியைத் தொடாதவருக்கு நீங்க எதுக்கு இடம் விடுறீங்கன்னு எப்படிப்பா தெரியும்? நீங்க சொன்னீங்களா?"

அப்பா போன் எடுத்து, அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அந்தப் பக்கமிருந்து வந்த திட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மிளகுக்கே தெளிவாகக் கேட்டது.

மறுநாள் அப்பா வகுப்புக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை தேர்வு; அம்மாவுக்கும் அன்று விடுமுறை. அன்று மாலை கதவு படாரென்று திறந்தது. அப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அஞ்சாவது!"

"அஞ்சு பேருக்கு வேலைதானே? அப்போ கிடைச்சிடுச்சே!" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டிங் மாஸ்டருக்கு அஞ்சாவது இடமா? எப்படித் தூக்கம் வரும்?"

மிளகுக்கு ஏதோ இடித்தது. "உங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே. எப்படி நாலு பேர் முந்தினாங்க?"

"புதன்கிழமையே எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"எல்லாருக்குமா? ஏம்ப்பா!" மிளகின் மூக்கு சிவந்தது. "சும்மா இருந்திருந்தா நீங்கதானே முதல்ல!"

"எல்லார் கத்தியும்தான் ஆடும். அவங்க பேருக்கு நேரா சிவப்பு வர்றதைப் பார்த்துக்கிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?"

மிளகுக்குச் சண்டை போட நிறைய வார்த்தைகள் இருந்தன.

"அந்த ஏழு பேர்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுதான் இன்னும் எரியுது. அடுத்த மெஷின் வரும்போது அவங்களுக்குத்தான் முதல்ல இடம், அதுவரைக்கும் சம்பளத்தைக் குறைக்கக் கூடாதுன்னு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்."

"ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குற வரைக்கும் கேப்போம்." அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "இந்த மெஷினும் அஞ்சு வருஷம்தானாம். அப்புறம் வேற வருமாம். அந்தப் பையனுக்கே உள்ளுக்குள்ள பயம். ஞாயித்துக்கிழமை அவனும் ஏதோ வகுப்புக்குப் போறானாம். துணி எப்படி வழுக்கும்னு என்கிட்ட வந்து கேட்டான். காட்டினேன்."

"நீங்க அவர்கிட்ட ஏதாவது கேட்டீங்களா?"

"திங்கட்கிழமை இருக்கு அவனுக்கு! தேர்வுல எனக்குக் குறைஞ்ச நாலு மார்க் எங்கே போச்சுன்னு அவன் சொல்லியாகணும்."

அப்பா ஒரு தாளை எடுத்து, 'ஒன்று' என்று போட்டு, பேனா தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதத் தொடங்கினார்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது ஏழாவது கேள்வியில் இருந்தார்.