மூன்று மணி நேரம் யாரும் குளிக்கக் கூடாது

வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர். பத்து வயதுக்கு ஆள் சிறியவள்தான், ஆனால் காதருகே வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாள். கையை வீசி விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வந்து நிற்பாள்.

அந்த வாரம் கொசு கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அம்மாவின் முகம் அப்படி இருந்தது.

அம்மாவுக்கு உடை வடிவமைக்கும் வேலை. கடையில் தொங்கும் உடைகள் பொருந்தாதவர்களுக்குத்தான் அம்மா தைப்பாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளும் மழைச்சட்டை, ஒரு தோள் இறங்கியவருக்கு இரண்டு தோளும் சமமாகத் தெரியும் மேலங்கி, இப்படி. அளவுகளைக் கணினியில் போட்டால் துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று கோடு கோடாக வரைந்து கொடுக்கும் ஒரு மென்பொருள் அவளிடம் இருந்தது. பதினான்கு வருடமாக அம்மா அதில்தான் வேலை செய்கிறாள். அதைச் செய்து விற்ற நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

அந்தக் கணினிதான் இப்போது படுத்துக்கொள்ளப் பார்த்தது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. பழுது பார்க்கும் கம்ப்யூட்டர் அக்கா வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது இந்த வாரம் தாங்கினா பெரிய விஷயம். ஞாயித்துக்கிழமை வந்து புதுசு மாத்திடுறேன். அதுக்குள்ள முழு நகல் எடுத்து வெச்சிடுங்கக்கா. கோப்புகளை மட்டும் எடுத்தா பத்தாது."

"ஏன் பத்தாது?" என்று கொசு கேட்டாள். அன்று அவள் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அக்கா சலித்துக்கொள்ளவில்லை. கோப்புகளை மட்டும் எடுத்தால் துணிமணியை மட்டும் மூட்டை கட்டின மாதிரி, முழு நகல் என்றால் வீட்டையே அலமாரி, கட்டில், ஆணியில் தொங்கும் கரண்டி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி என்றாள். அந்தப் பழைய மென்பொருளை இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. ஆகவே வீட்டோடு தூக்கினால்தான் உண்டு. அதற்காக அவள் வெளியே செருகும் ஒரு பெரிய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போனாள். அது சுவரிலிருந்து தனியாக மின்சாரம் வாங்கிக்கொள்ளும். நீல விளக்கு ஒன்று எரியும். மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான், கணினி சீக்காளியாக இருப்பதால் ஆள் பக்கத்தில் இல்லாமல் விட வேண்டாம் என்றும் சொன்னாள்.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. முதல் முறை நகல் முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது. 'சேமிப்புக் கருவி கிடைக்கவில்லை' என்று திரையில் ஒரு வரி வந்தது.

"இதோ மேசை மேலதான் இருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அம்மா கணினியைக் கேட்டாள். நீல விளக்கு ஒன்றும் தெரியாதது போல எரிந்துகொண்டிருந்தது.

அக்கா தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அம்மா செய்து பார்த்தாள். டிஸ்க்கில் இடம் போதுமா என்று பார்த்தார்கள், போதும். கம்பியை மாற்றினார்கள். கணினி தானாகத் தூங்கப் போகாதபடி அமைத்தார்கள். வைரஸ் காவலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நகல் பன்னிரண்டில் நின்றது. அடுத்த முறை ஐம்பத்தெட்டில். ஒரு நாள் விடியற்காலையிலேயே எழுந்து தொடங்கினார்கள். எண்பத்தேழு வரை போனது. அம்மா திரையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. அன்று அம்மா முகத்தைக் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை. அன்றிலிருந்துதான் கொசு வாயை மூடிக்கொண்டாள்.

வாய்தான் மூடியிருந்தது. கை சும்மா இல்லை. ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள் என அக்கா சொல்லியிருந்தாள். அம்மா எத்தனை சதவீதம் என்பதை மட்டும் எழுதினாள். கொசு தன் நோட்டில் தொடங்கிய நேரம், நின்ற நேரம் எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு 'வீட்டில் நடந்தது' என்று தலைப்புப் போட்டு, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எதையும் விடாமல் எழுதினாள்.

சனிக்கிழமை காலை ஐந்தாவது முறையும் நின்றது. நாற்பத்து நான்கு. அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "போகட்டும் விடு. எல்லாத்தையும் கையால வரையக் கத்துக்குறேன்" என்றாள். குரலே சரியில்லை.

கொசு சமையலறையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்கு எரியும். முதல் முறை: தம்பி அழுதான், குழாய் உறுமியது, விளக்கு கண் சிமிட்டியது. இரண்டாம் முறை: பால் பொங்கி வழிந்தது, குழாய் உறுமியது, விளக்கு சிமிட்டியது. மூன்றாம் முறை: தம்பி சோபாவிலிருந்து விழுந்தான், அழவில்லை, குழாய் உறுமியது. தம்பி வருகிறான், போகிறான். பால் ஒரே ஒரு முறைதான் பொங்கியது. குழாய் மட்டும் ஐந்து முறையும் உறுமியிருந்தது.

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியதும் கீழே இருக்கும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். தொடங்கும்போது சுவருக்குள் குழாய் உறுமும். சமையலறை விளக்கு ஒரு நொடி மங்கும். அம்மாவின் அறையில் பகல் வெளிச்சம். அங்கே விளக்கே போடுவதில்லை.

கொசு அம்மாவிடம் போய், ஐந்து நிமிடம் அந்த நீல விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். ஏன் என்று அம்மா கேட்பதற்குள் படிகளில் தடதடவென்று இறங்கிவிட்டாள். மோட்டார் மாமா கீழே செடிகளுக்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். மோட்டாரை ஒரே ஒரு முறை கையால் போட்டுக் காட்டும்படி கொசு கெஞ்சினாள். தலையைச் சொறிந்துகொண்டே போட்டார்.

மேலே ஓடி வந்தபோது அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அணைஞ்சு எரிஞ்சது கொசு. கண்ணை மூடித் திறக்குற நேரம். நீ என்ன பண்ணினே?"

அவ்வளவுதான் விஷயம். மோட்டார் தொடங்கும்போது மின்சாரம் ஒரு நொடி தடுமாறுகிறது. பெரிய கணினி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடுகிறது. வெளியே செருகிய டிஸ்க் விழுந்து எழுந்துவிடுகிறது. அதற்குள் நகல் கெட்டுவிடுகிறது. அம்மா அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அக்கா, "நான் ஏன் இதைக் கேக்கலை?" என்றாள். இதற்கென்று இருக்கும் பேட்டரிப் பெட்டியை நாளைக்குத்தான் கொண்டுவர முடியும், ஆனால் டிக் டிக் சத்தம் அதிகமானால் நாளை வரை காத்திருக்க வேண்டாம் என்றாள்.

சத்தம் காலையிலிருந்தே அதிகமாகத்தான் இருந்தது.

கொசு மறுபடி கீழே ஓடி, மூன்று மணி நேரம் மோட்டாரை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். மோட்டார் மாமா கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நிறுத்துறது ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா தொட்டி சின்னது. ஒன்றரை மணி நேரத்துல காலி. யாராவது தலை நிறைய சோப்போட நிப்பாங்க, திட்டு எனக்கு விழும். எட்டு வீடும் சரின்னு சொல்லட்டும், மூணு மணி நேரம் நிறுத்துறேன். ஒரு வீடுகூட விடக்கூடாது."

கொசுவின் வீட்டைக் கழித்தால் மீதி ஏழு. கொசு எதிர்வீட்டிலிருந்து தொடங்கினாள். அங்கே கடிகாரம் பழுது பார்ப்பவர் இருந்தார். அவருக்கு ஒரு கைதான். அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்தால் சாதாரணச் சட்டைதான். ஆனால் அதை ஒரே கையால், யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். பொத்தான்களுக்குப் பின்னால் காந்தம் இருக்கிறது. அம்மாவின் கணினியில் முதன்முதலாக வரைந்த சட்டை அது.

கொசு சொல்லி முடிக்கும் வரை அவர் பொறுமையாகக் கேட்டார். "உங்கம்மாவுக்காக மூணு மணி நேரம் என்ன, மூணு நாள் குளிக்காம இருக்கேன்" என்றார்.

"தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

கீழ்வீட்டு பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு கதவைத் திறந்தார். சரி, மாவோடேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஊறவைத்த துணிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அவை இன்னும் கொஞ்சம் ஊறினால் அழுக்கு நன்றாகப் போகும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மற்ற மூன்று வீடுகளிலும் யாரும் மறுக்கவில்லை. கொசுவுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொருவரும் அம்மா தைத்துக் கொடுத்த எதையாவது சொன்னார்கள்.

கடைசி வீடு மேல்தளத்து நர்ஸ் அத்தையுடையது. இரவெல்லாம் மருத்துவமனையில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுத்திருந்தாள். கொசு அழைப்புமணி வரை விரலைக் கொண்டுபோனாள். பிறகு எடுத்துக்கொண்டாள். அத்தை தூங்குவதே பகலில்தான். எழுந்ததும் முதல் வேலையாகக் குளிப்பாள்.

கொசு வீட்டுக்குப் போய் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, பாதியைத் தன் கால்மேலேயே ஊற்றிக்கொண்டு, மேலே கொண்டுபோய் அத்தையின் கதவருகே வைத்தாள். குறைந்ததை மறுபடி குவளையால் நிரப்பினாள். நடந்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

"அவங்க சரின்னு சொன்னாங்களா?" என்று மோட்டார் மாமா கேட்டார்.

"தூங்குறாங்க மாமா. எழுப்ப மனசு வரல. அவங்களுக்கு வேண்டிய தண்ணி வாசல்ல இருக்கு."

மாமா அவளுடைய நனைந்த காலைப் பார்த்தார். போய் மோட்டாரை அணைத்தார்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆறாவது முறை தொடங்கியது. பச்சைக் கோடு ஆமை மாதிரி நகர்ந்தது. முப்பத்தொன்று தாண்டியது, ஐம்பத்தெட்டு தாண்டியது. எண்பத்தேழு வந்தபோது அம்மா கொசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்தெட்டு வந்த பிறகும் விடவில்லை.

தொண்ணூற்றொன்றில் தம்பி விளையாடிவிட்டு வந்தான். வந்தது தம்பிதான் என்பதே குரலை வைத்துத்தான் தெரிந்தது. தலை முதல் கால் வரை சேறு. பள்ளம் தோண்டினானாம், பிறகு அதில் அவனே விழுந்தானாம். கண்ணில் மண் போய்விட்டது என்று ஊரைக் கூட்டினான். அம்மா குழாயைப் பார்த்தாள். இவ்வளவு நேரத்தில் மாடித் தொட்டி காலியாகியிருக்குமோ, அதில் மிச்சம் இருப்பது இரட்டைக் குழந்தைகளுக்கு வேண்டியதோ என்று அவளுக்குத் தயக்கம்.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. நர்ஸ் அத்தை ஒரு கையில் கொசு எழுதிய தாளும் மறுகையில் வாளியுமாக இறங்கி வந்தாள். தூக்கக் கண்தான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு வாளி போதும். இன்னொண்ணு யாருக்குன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். இவனுக்குத்தான் போல."

அத்தை முதலில் அவன் கண்ணைக் கழுவினாள். பிறகு மீதித் தண்ணீரில் சேற்றுக்குள்ளிருந்து ஆளையும் வெளியே எடுத்தாள். கொசுவைப் பார்த்து, "ஒரு வாரத்துல இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். மணி அடிக்காம போனே பாரு, ரொம்ப நன்றிடா" என்றாள்.

ஐந்து மணி இருபது நிமிடத்துக்குத் திரையில் வேறு ஒரு வரி வந்தது. 'முழு நகல் எடுக்கப்பட்டது.' அம்மா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். கொசு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே கையசைத்தாள். மோட்டார் ஓடத் தொடங்கியது. எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய்கள் திறந்தன. குழாய் உறுமியது, விளக்கு கண் சிமிட்டியது. இந்த முறை யாருக்கும் கவலையில்லை.

அன்று மாலையே அம்மா ஏழு வீட்டுக்கும் போனாள். எப்படி நன்றி சொல்வதென்று யோசித்து யோசித்துப் போனவள், ஒவ்வொரு வாசலிலும் "நீங்க இல்லைன்னா..." என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். எல்லோருக்கும் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் அக்கா புதிய டிஸ்க்கைப் பொருத்தி, நகலை அதில் இறக்கினாள். பழைய மென்பொருள் எதுவும் நடக்காதது போலத் திறந்தது. ஒரு கைச் சட்டையின் கோடுகள், விட்ட இடத்தில் அப்படியே இருந்தன. அக்கா பேட்டரிப் பெட்டியையும் மாட்டிவிட்டு, கொசுவின் நோட்டை வாங்கி ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது. ஆறாவது முறை. தொடங்கியது 2:05. முடிந்தது 5:20. நூறு சதவீதம். வீட்டில் நடந்தது: யாரும் குளிக்கவில்லை. தம்பி மட்டும் ஒரு வாளி.

அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: எட்டு வீடும் எனக்காகக் காத்திருந்தது.