பன்னிரண்டு மணிக்கு வலி பூஜ்யம்

"ஐயோ...!"

அலறல் கண்ணாடிக் கதவைத் தாண்டி வராந்தா வரை பாய்ந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த ஏட்டு பதறி எழுந்தார். உள்ளே படுத்திருப்பது ரவுடிகளுக்கே வயிற்றைக் கலக்கும் இன்ஸ்பெக்டர் அம்மாவாயிற்றே!

உள்ளே டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மேடம்... ஊசிய இன்னும் எடுக்கவே இல்ல. இப்ப வச்சது வெறும் பஞ்சு."

"பஞ்சா?" வயிற்றுக்கடியில் தலையணையோடு குப்புறக் கிடந்த இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினாள். "ஜில்லுனு இருந்துச்சு. அதான்..."

"தலைய ஆட்டாதீங்க. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேர்ற மூட்டு இது. நூல் பிடிச்ச மாதிரி இடுக்கு. எக்ஸ்ரேல பாத்துக்கிட்டேதான் ஊசிய இறக்கணும்."

பெரிய வளையம் போன்ற எக்ஸ்ரே கருவி அவள் முதுகுக்கு மேல் வந்து நின்றது. திரையில் சாம்பல் நிற எலும்புகள். அவற்றினூடே மெல்லிய கோடாய் ஊசி இறங்கியது.

பயத்தை மறக்க அவள் குரல் கொடுத்தாள்.

"ஏட்டையா! அந்த அச்சாபீஸ் கேஸ் என்னாச்சு?"

"அச்சாபீஸ்காரர் இன்னும் கண்ணு முழிக்கலம்மா!" கதவுக்கு வெளியிலிருந்தே கத்தினார் ஏட்டு. "வாட்ச்மேன் லாக்கப்புல அழுதுகிட்டே இருக்கான். சோறு வச்சா தொட மாட்டேங்கிறான்!"

அவள் பெருமூச்சு விட்டாள்.

நான்கு நாளைக்கு முன், நண்பகல் பன்னிரண்டேகால். மூன்றாவது மாடி அறையில் அச்சாபீஸ்காரர் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் பித்தளை பேப்பர் வெயிட். அந்த அறைக்குப் போகும் பின்படிக்கட்டுச் சாவி மூன்றே பேரிடம். வாட்ச்மேன், அச்சாபீஸ்காரருடைய தங்கை, தங்கையின் புருஷன்.

தங்கை புருஷனுக்கு இடுப்பு வலி. அன்று காலை பத்து மணிக்குத்தான் இதே ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து படுத்தாராம். "நான் அவரு பக்கத்தவிட்டு நகரல. ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் மனைவி. இரண்டு பேரையும் விட்டாயிற்று. மீதி வாட்ச்மேன்.

"மருந்து உள்ள போகுது மேடம். கொஞ்சம் அழுத்தமா இருக்கும்."

"ஸ்ஸ்ஸ்..."

"முடிஞ்சுது!"

அரைமணி நேரம் கழித்து எழுந்து நின்றாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். ஆறு மாதமாய்க் கடித்துக் குதறிய வலி... காணோம்!

"டாக்டர்! ஓடலாம்போல இருக்கு!"

"சந்தோஷப்பட்டுடாதீங்க. இது மரத்துப்போற மருந்தோட வேலை. நாலஞ்சு மணி நேரம்தான். சாயங்காலம் வலி திரும்ப வரலாம். கூடச் சேர்த்த இன்னொரு மருந்து பிடிக்கச் சில நாளாகும்." டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார். "மணிக்கு மணி வலிக்கு மார்க் போடுங்க. பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும். இன்னிக்கு வண்டி ஓட்டாதீங்க."

இன்ஸ்பெக்டர் தாளையே பார்த்தாள்.

நாலஞ்சு மணி நேரம்!

"ஏட்டையா! அந்தத் தங்கச்சி புருஷன் எத்தன மணிக்கு ஊசி போட்டாரு?"

"பத்தும்மா."

"சம்பவம் பன்னெண்டேகாலுக்கு. அந்த நேரத்துல அவரு மூணு மாடி இல்ல, முப்பது மாடி ஏறியிருப்பாரு! வண்டிய எடுங்க. எனக்கே மருந்தோட வேகம் இறங்கறதுக்குள்ள போயாகணும்!"

*

கதவைத் திறந்தது தங்கை. கையில் வெந்நீர்ப் பை.

கூடத்து சோபாவில் பக்கவாட்டில் சாய்ந்திருந்தார் புருஷன். போலீஸைக் கண்டதும் முனகல் ஒரு சுருதி ஏறியது.

"ஊசி போட்ட அன்னிக்கு டாக்டர் ஒரு தாள் குடுத்தாங்களே... எங்க?"

முனகல் நின்றது.

"அது... எங்கயோ..."

"ஏட்டையா, தேடுங்க."

"வேணாம் வேணாம்! இந்தாங்க." சோபா மெத்தைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அழகான கையெழுத்து. பத்து மணி - எட்டு. பதினொன்று - ஒன்று. பன்னிரண்டு - பூஜ்யம். ஒன்று - பூஜ்யம். இரண்டு - பூஜ்யம்!

"நேர்மையா எழுதியிருக்கீங்க!"

"டாக்டர் உண்மைய எழுதச் சொன்னாங்க மேடம்..."

"எங்ககிட்ட மட்டும் அசையவே முடியலன்னீங்க! பன்னெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து, இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தார்.

"தியேட்டர்ல இருந்தேன்."

"என்னது?"

"ரெண்டு வருஷமா முழுசா ஒரு படம் உக்காந்து பாத்ததில்ல மேடம். வலி போச்சு. ஆசை வந்துடுச்சு. இதோ, போன்ல டிக்கெட். வாசல் கேமராலகூட நான் விழுந்திருப்பேன். இவளுக்குத் தெரிஞ்சா வீட்டு வேலை மொத்தமும் என் தலையில விழும்... அதான் சொல்லல."

ரகசியம் பேசுவதாக நினைப்பு. கூடம் முழுக்கக் கேட்டது.

தங்கையும் எட்டிப் பார்க்க, இன்ஸ்பெக்டர் டிக்கெட்டைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால் காட்சி. முகம் தொங்கிப்போனது. நூல் அறுந்துவிட்டதே!

சட்டென்று நிமிர்ந்தாள்.

"இருங்க... உங்க சம்சாரத்துக்குத் தெரியாம எப்படிப் போனீங்க?"

"அவ பதினொன்றரைக்கே மருந்துக்கடைக்குன்னு கெளம்பிட்டா. பின்னாலயே நானும் நழுவிட்டேன். அப்புறம் உங்ககிட்ட பக்கத்துலயே இருந்தேன்னு சொன்னாளா... என்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு பொய் சொல்றா, எவ்ளோ பாசம்னு நெனச்சு நானும் தலையாட்டிட்டேன்."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

"ஏம்மா... இவரு தியேட்டர்ல இருந்தப்ப, நீங்க யாருக்கு ஒத்தடம் குடுத்தீங்க?"

வெந்நீர்ப் பை கீழே விழுந்தது.

"எங்கம்மா எனக்குன்னு ஒரு வீட்ட விட்டுட்டுப் போனாங்க." என்றாள் தங்கை. "எங்கண்ணன் என் கையெழுத்த அவனே போட்டு அத வித்துட்டான். நியாயம் கேக்கப் போனேன். 'உனக்கெல்லாம் எதுக்குடி வீடு'ன்னு சிரிச்சான் மேடம்... கையில கெடச்சத எடுத்தேன். அப்புறம் ரத்தத்தப் பாத்ததும் ஓடிப்போய், சாயங்காலம் வரைக்கும் கோயில்லயே உக்காந்துட்டேன்."

"ஒரு அப்பாவி நாலு நாளா பட்டினி கெடக்கறான். அது தெரியுமா?"

அவள் தலைகுனிந்தாள். கண்ணீர் சொட்டியது.

ஏட்டின் போன் அடித்தது. கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"அச்சாபீஸ்காரர் கண்ணு முழிச்சுட்டாரும்மா! முதல்ல தங்கச்சி பேரைத்தான் சொன்னாராம்!"

"உங்க அதிர்ஷ்டம், அவரு பொழச்சுட்டாரு. கையெழுத்து விஷயத்துல அவருமேலயும் கேஸ் வரும். ஏட்டையா, வாட்ச்மேன உடனே வெளிய விடச் சொல்லுங்க. நான் வந்து மன்னிப்புக் கேக்கறேன்னும் சொல்லுங்க."

தங்கை வாசல்வரை அமைதியாக நடந்தாள். படியில் கால் வைத்தவள் திடீரென்று நின்றாள்.

திரும்பினாள். கண்களில் கண்ணீர் இல்லை. தீ!

"டிக்கெட்டுல ரெண்டு சீட்டு நம்பர் இருந்துச்சே... யாரு கூடப் போனீங்க?"

புருஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. தாவி வந்து இன்ஸ்பெக்டரின் முன்னால் கைகூப்பினார்.

"மேடம்... உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இவளுக்கு ஜாமீன் மட்டும் குடுத்துடாதீங்க!"