மூச்சாலைக்குச் செம்பு

செவ்வாயின் தென்மேட்டுச் சுரங்கத்தில் அன்றும் வழக்கம்போலத் தங்கத்தை அள்ளிச் சாலைப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாறையைக் குடையும் எந்திரமான துளைவன் பிரித்துத் தள்ளிய கழிவு அது. இதற்காகப் பூமியில் அடித்துக்கொண்டார்கள் என்றால் இங்கே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நிலவியலாளர் உமையாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது செம்பு.

கிழக்குக் குடியிருப்புக்குக் காற்று தரும் மூச்சாலையில் செம்புச் சுருள்கள் எரிந்துபோயிருந்தன. அங்கேதான் அவள் மகள் நாச்சம்மை வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாசமாக இருந்தவள், எழுந்து நடந்தாலே மூச்சிரைத்துப் போனாள்.

ஒரு காலத்தில் இந்த மேட்டுக்கு அடியில் எரிமலைச் சூட்டில் கொதித்த நீர், உலோகங்களைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகள் வழியே ஏறியது. வழியில் செம்பையும் ஈயத்தையும் ஆழத்திலேயே இறக்கிவிட்டு, தங்கத்தை மேலே கொண்டுவந்து படியவைத்தது. ஆகவே தங்கம் தட்டுப்பட்டால் சலித்துக்கொள்ளாமல் இன்னும் கீழே போக வேண்டும் என்பது உமையாளின் கணக்கு. மற்றவர்கள் கைவிட்ட வெடிப்பிலேயே துளைவனை இறக்கினாள். செம்புத் தாது மேலே வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர் கொண்டாடியது. செம்பில்லாமல் செவ்வாயில் எந்த நல்ல காரியமும் நடப்பதில்லை. அதனால் வீட்டுக்குக் கொஞ்சம் மங்கல நகைக்கு, மிச்சம் மூச்சாலைக்கு என்று மன்றம் முடிவெடுத்தது.

சில நாள் கழித்து மூச்சாலைப் பொறியாளர் தாவீது வெறுங்கையோடு வந்து நின்றார்.

"மிச்சம்னு ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் கழுத்துலயும் கையிலயும் ஏறிடுச்சு. திருப்பிக் கேட்டா அடிக்க வராங்க."

உமையாள் உடனே மகளைத் திரையில் அழைத்தாள். "உங்க வீட்டுப் பங்கையாவது சார்கிட்ட குடுத்துடு, கண்ணு."

"நல்லா இருக்கும்மா நீ சொல்றது..." நாச்சம்மைக்கு மூச்சு வாங்கியது. "செம்பு வளையல் இல்லாம... வளைகாப்பா? மாமியார் என்ன நினைப்பாங்க? நீயும் எனக்கு ஒரு ஜோடி... போடணும்."

உமையாள் ஆத்திரத்தோடு திரையை அணைத்தாள். தாவீதிடம் திரும்பினாள். "சுருள் சுத்தறதுக்குத் தங்கம் ஆகுமா?"

"தாராளமா ஆகும். ஆனா கழிவாச்சேம்மா, ஊரு சிரிக்காது?"

"சிரிக்கறதுக்கு மூச்சு வேணுமில்ல? சாலையைத் தோண்டுங்க."

தங்கச் சுருள் மாட்டியதும் மூச்சாலை சீராக ஓடியது. மறுநாள் காலை நாச்சம்மையே அழைத்தாள். முகம் தெளிந்திருந்தது.

"மூச்சிரைப்பெல்லாம் பறந்துடுச்சும்மா."

உமையாளுக்கு உயிர் வந்தது.

"அப்புறம் அம்மா, தங்கம் இனி மூச்சாலைக்கு மட்டுந்தானாம், சாலைக்கெல்லாம் காவல் போட்டுட்டாங்களாம். செம்பெல்லாம் இப்ப யாரு போடறான்னு மாமியார் கேக்கறாங்க. எப்படியாவது ரெண்டு தங்க வளையலுக்கு வழி பண்ணிடேன்."