வடக்குச் சுவரின் ஐந்து வாய்கள்

உல்தனின் பூச்சுக் கரணை கல்தளத்தில் விழுந்தது. சத்தம் வரவில்லை.

மதியம் மூன்று மணி. கால்வே கடலிலிருந்து கிளம்பிய மூடுபனி கண்ணாடி போடாத சன்னல்கள் வழியே, பழுதுபார்ப்பில் இருந்த மடத்துக் கோவிலுக்குள் இறங்கி, ஈரச் சுண்ணாம்பின் வாசனையோடும் புதிய ஓக் கூரையின் புளித்த வாசனையோடும் கலந்து, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் துறவிகள் நின்று பாடிய இடம் முழுவதையும் நிறைத்திருந்தது. காலையில் இங்கே இருமினால்கூட மூன்று முறை எதிரொலித்தது.

வெளியே சாந்து குழைத்துக்கொண்டிருந்த தலைமைக் கொத்தர் கோப்னட், சன்னலில் தலையை நீட்டினாள்.

"வடக்குச் சுவர் ஓட்டையெல்லாம் எங்கடா காணோம்?"

"சாரக்கட்டை செருகுன ஓட்டைதானே? அஞ்சையும் காலையிலேயே அடைச்சுட்டேன்." உல்தன் சன்னலோரம் வந்து சொன்னான்.

"அட மண்டு! அது பானை வாய்டா. பாட்டு நல்லா எடுபடணும்னு சாமியாருங்க சுவருக்குள்ள பானை பதிச்சிருக்காங்க. நீ பாடுறதைக் கேட்டிருந்தா அவங்களே அடைச்சிருப்பாங்க!" சிரித்தாள். "சாந்து இறுகுறதுக்குள்ள தோண்டிடு ராசா. அவங்களுக்காக ஒரு ஜெபமும் சொல்லிடு."

மூன்று வேலையிடங்களிலிருந்து துரத்தப்பட்ட உல்தனை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டவள் அவள். தன் ரொட்டியில் பாதியைத் தினமும் அவனுக்குப் பிட்டுக் கொடுப்பவள்.

சுவரருகே திரும்பி வந்து "சரி" என்றான். உதடுதான் அசைந்தது. அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள்.

பூச்சு காயாமலிருக்க அவன் தொங்கவிட்டிருந்த ஈரச் சாக்குகள், மூச்சை இழுப்பவனின் கன்னங்களைப் போல, ஐந்து இடங்களில் மெல்ல உள்வாங்கின.

முதல் சாக்கை விலக்கினான். சாந்தைச் சுரண்டினான். உள்ளிருந்து, நெடுநாள் திறக்காத வாயின் நாற்றம். ஜெபத்தைத் தொடங்கினான். ஒரு சொல்லும் அவன் காதுக்கு வரவில்லை. கையை உள்ளே விட்டான்.

வெதுவெதுப்பு. ஈரம்.

பானையின் விளிம்பு மணிக்கட்டை இறுக்கியது.

"கோப்னட்!" அவன் குரல். சுவரிலிருந்து. "கை மாட்டிக்கிச்சு. உள்ளே வா."

"இதோ வர்றேன்டா!"

வராதே. கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். வராதே. சத்தமில்லை. காலால் வாளியை எட்டி உதைத்தான். உருண்டது. சத்தமில்லை. யாராவது கூப்பிட்டால் போகாமலிருக்க அவளுக்குத் தெரியாது.

ஓடி வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டியபடி வந்தாள். அவள் உதடுகள் அவன் பெயரைச் சொல்லின.

இரண்டாவது சாக்கு கழன்று விழுந்தது. அவன் பெயர் அங்கிருந்து, அவள் குரலில் கேட்டது.