ஏழாம் நம்பர் கூப்பிடுகிறது

படகுக் கொட்டகையில் வாலுவைத் தவிர யாருமில்லை. பனிமூட்டம் மட்டும் வாசல்வரை வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாஆஆ..."

வாலு சட்டென்று திரும்பினாள். அவளுடைய பாய்மரப் படகு, ஏழாம் நம்பர், மறுபடியும் கூப்பிடுகிறது!

ஒரு வாரமாக இதே கதைதான். "படகுல பேய்! தண்ணிக்குள்ள மூழ்கிப் போன யாரையோ கூப்பிடுது" என்று மற்றப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். யாரும் நின்று பார்த்ததில்லை.

பயிற்சி மாஸ்டரும் கறாராகச் சொல்லிவிட்டார். "மூணு மணிக்குப் போட்டி. அதுக்குள்ள சத்தம் நிக்கலேன்னா உன் படகு கரையிலதான்."

வருஷம் முழுக்கக் காத்திருந்த போட்டி! வாலு பேயிடமே பேரம் பேசிப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம் வாயை மூடிக்கோயேன். அப்புறம் நாள் முழுக்கக் கத்து."

"வாஆஆ..."

"சரி, அரை மணி நேரம்!"

"வாஆஆ..."

பேரம் படியவில்லை.

காற்றில் பாய்க்கயிறு அசைந்தது. வாலு அதை இறுக்கிப் பிடித்தாள். சத்தம் நின்றது. விட்டாள். "வாஆ!"

அட!

கயிறு ஓடும் கப்பிக்குள் விரலை விட்டாள். பிசுபிசுவென்று கறுப்பு எண்ணெய். அதற்குள் நறநறவென்று மணல்.

"அண்ணா! கப்பியில என்ன போட்ட?"

உள்ளே வரத் துணியாமல் கதவுக்கு வெளியே நின்ற அண்ணன் சொன்னான்: "எண்ணெய்தான். தினமும் அழுதுச்சு, தினமும் ஊத்திட்டு ஓடி வந்துட்டேன்."

"நல்லா ஊத்தின போ! கரையில இருக்கிற மணலெல்லாம் ஒட்டிக்கிச்சு. தொண்டையில இவ்வளவு மணல் இருந்தா நீயும்தான் கத்துவ."

சோப்புத் தண்ணீரால் கப்பியைக் கழுவினாள். நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்தாள். எண்ணெய்க்குப் பதிலாக, மாஸ்டரிடம் கேட்டு வாங்கிய உலர் மசகைத் தெளித்தாள். அது காய்ந்து, மாவு பூசியதுபோல் வழவழவென்று ஆனது. தொட்டால் கையில் ஒட்டவில்லை. மணலும் ஒட்டாது!

கயிற்றை இழுத்தாள். பேச்சுமூச்சில்லை.

மூன்று மணிக்குப் பனி விலகியது. போட்டியில் வாலு மூன்றாவதாக வந்தாள். ஆனால் திரும்பும் வழியில் பனி மறுபடி இறங்கி, கரையை விழுங்கிவிட்டது. எந்தப் பக்கம் போவது?

"வாஆஆ..."

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கப்பியைப் பார்த்தாள். அது ஊமையாக இருந்தது. சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது.

"வாஆஆ... சீக்கிரம் வாடி, கத்திக் கத்தித் தொண்டை காயுது!"

அண்ணன் தொண்டைக்கு எண்ணெயா, உலர் மசகா என்று யோசித்தபடியே, வாலு அந்தக் குரலை நோக்கிப் படகைத் திருப்பினாள்.