ஊமைப் பாதி

கம்பைநல்லூரில் குடியேறிய மறுவாரமே ஜோஸ்பினுக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது. பழைய ஆங்கிலப் படங்களில் பேசுவதைக் கேட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்புகிறவள் அவள். இது அமெரிக்காவில் ஊமைப்படங்கள் பேசக் கற்றுக்கொண்ட காலத்துப் படம். முக்கால் மணி நேரம் வெறும் வாயசைப்பு, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பேச்சு. நோகாத வேலை என்று சந்தோஷப்பட்டாள், பாவம்.

அவள் கணவன் அருள்பிரகாஷ் புளி மண்டியில் ஏலம் கூறுகிறவன். அவன் தொண்டைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. மறுநாள் மத்தியானம் கரகரத்துப்போய் வந்தான்.

"தொண்ட கட்டிக்கிச்சு, ஜோஸ்பினு."

மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அன்றைக்குப் படத்தில் பேச்சு எட்டு நிமிடம் முன்னதாகவே தொடங்கியது. முதல் நாள் தான்தான் தப்பாகக் குறித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவன் வாயில் காற்றுதான் வந்தது. மண்டியில் வேறு ஆளை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சும்மா கிடக்க முடியாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். படம் ஓடியது. ஊமைப் பகுதியில் கதாநாயகி சன்னலோரம் நின்று வாய் திறந்தாள்.

முதலில் பழைய இசைத்தட்டின் கரகரப்பு.

பிறகு அருள்பிரகாஷின் குரல்.

கொட்டை எடுத்த புளி, நார் எடுத்த புளி என்று அந்த வெள்ளைக்காரி கணீரென்று ஏலம் கூறினாள்.

ஜோஸ்பினின் கை விசைப்பலகைக்குப் பாய்ந்தது. "மாதாவே! இந்தச் சனியன அழிச்சிடறேங்க."

அவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவன் குரல் அதற்குள்தானே இருக்கிறது? அழித்தால் அதுவும் போய்விடும்.

"சரிங்க, அழிக்கல. அழுவாதீங்க."

அவள் உதடுதான் அசைந்தது.

அவள் குரலில் பேசியது படத்தில் வந்த சமையல்காரி.

இன்னும் பேசாமல் திரையில் மிஞ்சியிருந்தவள், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் மட்டும்தான்.

வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது.

ஜோஸ்பின் லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே அவனும் ஓடினான். ஆறு வயது மகள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் வாயில் விரல் வைத்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டார்கள். பேசாதே, பேசாதே என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல இரண்டு பேருக்கும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னம்மா வெளாட்டு இது?"

அந்தக் குரல் அவர்களுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.